பினாங்குத் துறைமுகத்தில் மாலைப் படம்: எங்கே நிற்பது, யாரை நிறுத்துவது?

பினாங்குத் துறைமுகக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. மாலைப் படம் எடுக்கலாம் என்று கேமராவோடு போய், கடலைப் பார்த்துக் காத்து நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜோர்ஜ்டவுனின் பழைய துறைமுகம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிரே தெரிவது பட்டர்வொர்த். சூரியன் இறங்குவதோ முதுகுக்குப் பின்னால், கொடிமலைக்கு அந்தப் புறம். கடலுக்குள் விழும் சூரியன்தான் வேண்டும் என்றால் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவ் வழியாகப் போக வேண்டும்.

அதனால் துறைமுகத்தில் மாலைப் படம் எடுக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். சொல்லப் போனால், ஆட்களைப் படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் வேறு கரையில் கிடைப்பது அரிது. தமிழர்களைப் பொறுத்தவரை இந்தக் கரையில் எடுக்க வேண்டிய படமும் சூரியனுடைய படம் அல்ல. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் மலாயா மண்ணை முதலில் பார்த்த இடம் இது. அப்படி வந்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் சிலரே. அவர்களை இங்கே அழைத்து வந்து ஒரு படம் எடுத்து வைக்க இன்னும் அதிக காலம் இல்லை.

கரை நகர்ந்த கதை

படம் எடுக்கப் போகும் முன் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11-ஆம் தேதி பிரிட்டிஷ் கொடியை ஏற்றித் தீவை எடுத்துக்கொண்டபோது இன்றைய பெங்காலான் வெல்ட் சாலை கடலாக இருந்தது. லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு என்று பொருள். இன்று அந்தத் தெருவில் நின்று தேடினால் கடல் தெரியாது. வங்கிக் கட்டடங்கள்தாம் தெரியும். 1880-களில் கடலை மண்ணிட்டு நிரப்பிப் புதிய கரை உண்டாக்கினார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்ட் பெயரை அதற்கு வைத்தார்கள். பழையவர்கள் வாயில் அது இன்னமும் வெல்ட் கீ.

கரை நகர்ந்தபோது தெருக்களும் கூடவே நீண்டன. அப்படி நீண்ட பகுதிகளுக்கு ‘காட்’ என்று பெயர் வந்தது; லெபோ சூலியாவின் நீட்சி காட் லெபோ சூலியா, லெபோ கெரெஜாவின் நீட்சி காட் லெபோ கெரெஜா. காசியில் கங்கைக்கு இறங்கும் படித்துறையைக் குறிக்கும் அதே இந்தியச் சொல்தான் கம்பெனி ஆட்களோடு கடல் தாண்டி இங்கே தெருப் பெயராக ஒட்டிக்கொண்டது. சூலியா என்பதும் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களையும் படகுக்காரர்களையும் குறித்த சொல். இந்தத் தெருப் பெயர்ப் பலகைகளே ஒரு படத்துக்குக் காணும். பாட்டியின் பின்னால் ‘காட் லெபோ சூலியா’ பலகை தெரிந்தால் இடம் எது என்று பின்னால் வரும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

துறைமுகத்தை ஒட்டி நிற்கும் கட்டடங்களில் மூன்றை மட்டும் சொன்னால் போதும். முதலாவது, ஸ்வெட்டன்ஹம் துறை. 1904-இல் கட்டி முடிக்கப்பட்ட இது, பெரிய கப்பல்கள் நேராக வந்து அணைவதற்காக எழுந்தது. அதற்கு முன் கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் சாம்பானிலும் தொங்கானிலும் கரைக்கு வர வேண்டும். இரண்டாவது, மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் தம் செலவில் எழுப்பியது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். 1902-இல் முடிந்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் லேசாகச் சாய்ந்துவிட்டது. இதைப் படம் எடுக்கிறவர்கள் தங்கள் கை கோணிவிட்டது என்று நினைத்துக் கைப்பேசியில் நிமிர்த்தப் பார்ப்பதுண்டு. கூண்டே அப்படித்தான் நிற்கிறது. பக்கத்துக் கட்டடத்தின் செங்குத்துக் கோட்டைப் பார்த்துச் சட்டத்தை நேராக வைத்தால், சாய்வு சாய்வாகவே தெரியும்.

மூன்றாவதுதான் விசித்திரமானது: தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம். 1907-இல் ரயில்வே நிர்வாகம் பெங்காலான் வெல்ட்டில் கட்டிய மாளிகை அது. இன்று சுங்கத்துறை அலுவலகம். தீவுக்கு ரயில் வராது. ஆனால் அந்தக் காலத்தில் டிக்கெட் இங்கே வாங்கலாம். வாங்கிக்கொண்டு படகேறி எதிர்க்கரை போய் அங்கே வண்டி ஏற வேண்டும்.

முதல் கேமராவும் இரண்டு தமிழர்களும்

ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-இல் இந்தப் பக்கம் வந்தார். பின்னாளில் சீனாவைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். பினாங்கிலும் எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும், அதாவது இன்றைய செபராங் பிறையிலும், பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் விரல் நுனி வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காயும் முன் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயும் முன்பே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள்தாம் அவகாசம். பினாங்கு வெயிலில் அதுவும் குறையும். பிறகு தகட்டைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால்தான் கையில் பிடிக்கும் படம் வரும்.

இந்த வேலைக்குத் தாம்சனுக்குக் கைகொடுத்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர். சீனர்கள் இதைப் பேய் வேலை என்று ஒதுங்கிவிட்டதால், இவ்விருவரையும் படம் அச்சிடவும் உதவி செய்யவும் பழக்கியதாகத் தாம்சனே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். மலாயாவின் ஆரம்பகாலப் படங்களில் நம்மவர் கை இப்படி இருக்கிறது. ஆனால் அவர் அந்த இருவரையும் இனப்பெயரால் குறிப்பதோடு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகும் இதே கதைதான். சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய லாம்பெர்ட் நிழற்பட நிலையம் முதலான பல நிறுவனங்கள் இந்த வட்டாரத்துத் துறைமுகங்களையும் தெருக்களையும் மக்களையும் எடுத்து விற்றன. 1900-ஐ ஒட்டி அவை அஞ்சலட்டைகளாகவும் உலகம் சுற்றின. கப்பலின் பெயர் இருக்கும், கட்டடத்தின் பெயர் இருக்கும், தெருவின் பெயர் இருக்கும். மூட்டை தூக்கும் தமிழருக்கும், மாட்டு வண்டி ஓட்டும் தமிழருக்கும், மூக்குத்தியோடு நிற்கும் பெண்ணுக்கும் ‘கிளிங்’ என்ற ஒற்றைச் சொல்தான். இன்று வசைச்சொல்லாகக் கருதப்படும் அதே சொல். பழம்பொருள் வணிகர்களிடம் இப்படங்கள் இன்றும் நல்ல விலைக்குப் போகின்றன. அதில் இருப்பவர் யாருடைய பாட்டனார் என்று சொல்ல ஆள் இல்லை.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கேமரா ஏது? 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு அடையாள அட்டை கட்டாயமானபோது எடுத்த படமே பலருக்கு வாழ்நாளின் முதற்படமாக இருந்திருக்கும். அதுவும் அரசாங்கத்துக்காக எடுத்தது. கப்பலில் வந்து இறங்கியதைக் காட்டும் படம் அல்ல.

கப்பல் நின்ற இடம்

பினாங்கு வழி வந்த கப்பல்களில் பெயர் நிலைத்தது ராஜுலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடி 1973-இல் இந்த ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. கப்பல் வழிப் போக்குவரத்தும் அதோடு நின்றது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் வருவது அதற்குப் பின்னும் நீடித்து, 1938-இல் இந்திய அரசாங்கம் தடைவிதித்ததும் நின்றது. ஆக, தோட்ட வேலைக்கென்று ஆள் சேர்த்துக் கொண்டுவரப்பட்ட தலைமுறை இன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். இருப்பவர்கள் அதன் பிறகு வந்தவர்கள்: போருக்குப் பின் தாயோடு வந்த குழந்தைகள், ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பியவர்கள், கணவனைத் தேடி வந்த பெண்கள். 1950-இல் எட்டு வயதில் ராஜுலாவில் வந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும்.

டெக் பயணிகள் எல்லாரும் நேராக நகரத்துக்குள் நடந்துவிடவில்லை. நோய்த் தடுப்புக்காகப் பலர் முதலில் பூலாவ் ஜெரஜாக் தீவில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பாலத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட கடலில் இன்று பச்சைப் பசேலென்று தெரியும் அதே தீவு. ஆகவே, வயதானவரைக் கூட்டி வருகிறவர்கள் வீட்டிலேயே ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: கப்பலில் இருந்து நேராகத் துறையில் இறங்கினீர்களா, படகில் இறக்கினார்களா, தீவில் வைத்தார்களா? பதிலைப் பொறுத்து எங்கே நிறுத்திப் படம் எடுப்பது என்பது மாறும்.

வெளிச்சம் வரும் நேரம்

மலேசியக் கடிகாரம் 1982-இல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் பினாங்கில் பொழுது சாய்வது மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் தாமதமாகத் தெரியும். நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 7 மணிக்கும், ஜூலையில் 7.40-ஐ ஒட்டியும் சூரியன் மறையும். ஆனால் நாட்காட்டியில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி வரக்கூடாது. 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொடிமலை மேற்கே சுவர்போல் மறைப்பதால், துறைமுகக் கரைக்கு நேர் வெயில் கால் மணி, இருபது நிமிடம் முன்பே போய்விடும். இடையில் உயரமான கட்டடம் நின்றால் இன்னும் முன்பே. 5.30 மணிக்கே வந்துவிடுவது உத்தமம்.

5.30 முதல் 6.30 வரை வெயில் நகரத்தின் பக்கமிருந்து சாய்வாக வந்து கடல்மேல் விழும். அப்போது கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகத்தில் இளமஞ்சள் வெளிச்சம் படும். பின்னால் படகுகளும் பட்டர்வொர்த் கரையும் பளிச்சென்று தெரியும். மேற்குக் கரையில் இதே நேரத்தில் நிறுத்தினால் முகம் கரியாகிவிடும். கண் கூசினால் வயதானவர்களைச் சூரியனை நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டாம். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் போதும். அல்லது வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை ஐந்து நிமிடம் பொறுத்தால் நிழல் விழாத மென்மையான வெளிச்சம் கிடைக்கும். முகப் படத்துக்கு அதுவே மேல்.

ஒரு விஷயம் அவசியம் சொல்ல வேண்டும். இப்போது வரும் பல கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அது தோலை வெளுக்க வைக்கும், சுருக்கத்தை அழிக்கும். வெயிலில் மரம் சீவிக் கறுத்த முகத்தை மாவு பூசியதுபோல் ஆக்கிவிடும். அதை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கறுத்த முகத்துக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தால் கைப்பேசி வானத்தைப் பார்த்து அளவு வைத்து முகத்தை இன்னும் இருட்டாக்கும். திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அது முகத்துக்கு அளவு வைக்கும். அதற்குமேல் ஒன்றும் திருத்த வேண்டியதில்லை.

சூரியன் மறைந்தவுடன் பெரும்பாலோர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். கிழக்கே பார்த்த கரையின் சிறப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். வானம் தெளிவாக இருந்தால், பட்டர்வொர்த்துக்கு மேலே அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும்பும்; அதன் தலையில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். மறையும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் பூமி தன் நிழலையே வானத்தில் வீசுவதைத்தான் கண் பார்க்கிறது. மேற்கே பார்த்து நிற்கிறவர்களுக்கு இது தெரியாது. பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இங்கே அந்தி நீளாது. மறைந்து இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் இருட்டு கவியத் தொடங்கும்.

பௌர்ணமி பார்த்து வருகிறவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. முழு நிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கே எழும், அதாவது நேர் எதிரே கடலுக்கு மேலே. ஆனால் பழகியவர்கள் பௌர்ணமிக்கு முதல்நாள் மாலையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நிலவு நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதித்து எழுவதால், முதல்நாள் அது பொழுது இருக்கும்போதே வந்துவிடும். கரையும் படகும் இன்னும் வெளிச்சத்தில் இருக்கும். நிலவும் ஓரளவு மங்கலாகவே இருக்கும். இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். பௌர்ணமி அன்று இருட்டிய பின் எழும் நிலவைக் கைப்பேசியில் எடுத்தால் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் ஏற்ற இறக்கமும் அதிகம். வற்று நேரத்தில் வந்தால் சீனர் ஜெட்டிகளுக்கு அடியில் சேறும் குப்பையும்தான் படத்தில் தெரியும். நீர் ஏறும் நேரத்தைக் கடல்மட்ட அட்டவணையில் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மழை வந்தால் வருத்தப்படத் தேவையில்லை. புகைமூட்டக் காலத்தில் எதிர்க்கரையே தெரியாது. ஒரு மழை பெய்து ஓய்ந்த மாலையிலோ வடக்கே கெடாவின் ஜெராய் மலை வரை கண்ணுக்கு எட்டும்.

ஜெட்டியில் நடப்பது

பெங்காலான் வெல்ட் ஓரமாகக் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டு வரிசைகள்தாம் குலத்தார் ஜெட்டிகள். சியூ, லிம், டான், லீ, இயோ என்று ஒவ்வொரு ஜெட்டிக்கும் அங்கே வாழும் வம்சத்தின் பெயர். பல குலத்தார் கலந்து வாழும் ஒன்றும் உண்டு. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்கள் குடியேறிய இடங்கள் இவை. அவர்கள் படகில் கொண்டுவந்த மூட்டைகளைக் கரையில் தூக்கிக் கிட்டங்கியில் அடுக்கியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். கடலில் ஓர் இனம், கரையில் ஓர் இனம் என்று துறைமுகம் ஓடியது. கோய் என்ற குலத்தாரின் ஜெட்டி 2006-இல் இடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலையில், ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அந்த ஜெட்டியை இன்று படத்தில்தான் பார்க்கலாம்.

மிஞ்சியிருக்கும் ஜெட்டிகளில் நடக்கிறவர்கள் அது சுற்றுலாத்தலம் என்பதைவிட வீடு என்பதை நினைவில் வைக்க வேண்டும். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது, சாமி கும்பிட ஊதுபத்தி ஏற்றும் மூதாட்டியை அனுமதி கேட்காமல் எடுப்பது எல்லாம் அசிங்கம். தோட்டத்து லயத்துக்குள் யாரோ நுழைந்து அடுப்படியைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் புரியும். பார்வையாளர் நேரம் முடிந்தால் வெளியேறிவிட வேண்டும், பலகையில் போட்டிருப்பார்கள்.

தொழில்நுட்ப விஷயமும் ஒன்று இங்கே இருக்கிறது. இருட்டில் படம் எடுக்கும் கைப்பேசி வசதி, ஒரு படத்தை அல்ல, தொடர்ச்சியாகப் பல படங்களைச் சில வினாடிகளில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அந்த வினாடிகளில் கை அசையக் கூடாது. முக்காலி வைத்தாலும் ஜெட்டியில் பயன் இருக்காது. மரப் பலகையில் ஒருவர் நடந்தால் முக்காலியும் சேர்ந்து ஆடும். கரையின் சிமெண்டுத் தரைக்கு வந்து, அங்கிருந்து ஜெட்டியைப் பார்த்து எடுப்பதே வழி. ஓடும் ஃபெரி இந்த முறையில் இழுபட்ட வெளிச்சக் கோடாகத்தான் வரும். ஃபெரி உறைந்து நிற்க வேண்டும் என்றால் பொழுது இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது. முகம் வெளுத்து, கடல் கறுத்து, எங்கே எடுத்தது என்றே தெரியாத படம் கிடைக்கும். அதற்கு வீட்டிலேயே எடுத்திருக்கலாம்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உப்புக் காற்று படிந்த லென்ஸை லேசாக ஈரப்படுத்திய மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைக்கலாம். சட்டை நுனியால் தேய்க்கக் கூடாது. கப்பல் துறைக்குள் பாதுகாப்பு வேலி தாண்டி நுழைவதும், அனுமதி வாங்காமல் டிரோன் பறக்கவிடுவதும் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

எதிர்க்கரையிலிருந்து ஒரு படம்

கெடா, நிபோங் திபால் பக்கமிருந்தும் தெற்கேயிருந்தும் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. காரை எடுத்துக்கொண்டு பாலம் ஏறாமல் ரயிலிலோ பேருந்திலோ பட்டர்வொர்த் வந்து இறங்குவது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், ஃபெரி முனையம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மாலை 6.30-ஐ ஒட்டித் தீவு நோக்கிப் போகும் ஃபெரியில் ஏறி முன்பக்கம் நின்றால், கரையில் கிடைக்காத அந்த மறையும் சூரியன் இங்கே கிடைத்துவிடும்: எதிரே கொடிமலை, அதன் முன் கொம்தார் கோபுரமும் நகரமும் கறுத்த உருவங்களாக, மேலே சிவந்த வானம். கப்பலில் வந்தவர்களும் நகரத்தை இப்படித்தான், கடலில் இருந்து பார்த்தார்கள்.

‘பூலாவ் ரிமாவ்’, ‘பூலாவ் அங்சா’ என்று தீவுகளின் பெயர் தாங்கிய பழைய இரட்டை அடுக்கு ஃபெரிகளில் கார் ஏற்றிக்கொண்டு போன காலம் 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய ஃபெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மிதிவண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன. பழைய ஃபெரியில் காருக்குள் உட்கார்ந்து கச்சான் தின்றது எத்தனையோ குடும்பங்களுக்கு ஞாபகம் இருக்கும். படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

இந்தக் கடலுக்கு எம்டனையும் தெரியும். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசிக் கலங்கடித்து, தமிழில் ‘அவன் ஒரு எம்டன்’ என்ற பேச்சையே உண்டாக்கிவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ஃபெரியில் போகும்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒரு கதை போதும்.

படத்தின் பின்புறம்

எடுத்த படத்தைப் புலனத்தில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய இழப்பு அங்கேதான் நடக்கிறது. கைப்பேசி படம் எடுக்கும்போது தேதியையும் நேரத்தையும், அனுமதித்திருந்தால் இடத்தையும், கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. புலனம் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்தக் குறிப்புகள் கழன்றுவிடுகின்றன, கூர்மையும் குறைகிறது. மூலப் படத்தை வேறு இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். அனுப்புவதானால் ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

அதைவிட முக்கியம், நிழற்படக் கடையில் கொடுத்து ஒரு பிரதியாவது காகிதத்தில் எடுப்பது. கைப்பேசி மூன்று, நான்கு வருடத்தில் பழுதாகும். நல்ல தாளில் எடுத்த படம் பேரன் காலம் வரை இருக்கும். அதைப் பசை தடவிய தாளில் ஒட்டும் ஆல்பத்தில் வைத்தால் மஞ்சள் பூத்துப் பிய்க்க முடியாமல் போய்விடும். உறையில் செருகும் ஆல்பம் நல்லது. பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் லேசாக எழுத வேண்டும்.

‘பாட்டி, பினாங்கு’ என்று எழுதினால் காணாது. நாற்பது வருடம் கழித்து அந்த வீட்டில் பாட்டி என்றால் வேறொருவர். முழுப் பெயர், தகப்பனார் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யாரோடு வந்தார், வந்து எந்தத் தோட்டத்தில் இறங்கினார், படம் எடுத்த தேதி, கூட நிற்பவர்கள் பெயர். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால் அதைச் சுற்றிக் கேட்கலாம்: ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா, மெர்டேக்காவுக்கு முன்பா பின்பா, மூத்த பிள்ளை பிறந்தாயிற்றா? பெரியவர்கள் ஆண்டைவிட நிகழ்ச்சியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகியிருந்தால் அந்தப் பெயரையும்.

படம் எடுக்கும் அன்றே, அந்தக் கரையில் உட்கார வைத்து, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதும் நல்லது. வீட்டில் கேட்டால் ‘அதெல்லாம் எங்கே ஞாபகம்’ என்று தட்டிவிடுகிறவர்கள், தண்ணீரைப் பார்த்ததும் பேச ஆரம்பிப்பதுண்டு. காற்று இரைச்சல் பெரிதாக இருக்கும். கைப்பேசியை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வயதானவருக்கு ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் தண்ணீரும் கொண்டு போக மறக்கக் கூடாது. திரும்பும்போது ஃபெரியில் போவதானால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று வந்து இறங்கும்போதே முனையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.